அபிகாயில் கழுதை ஏறிய கதை: புதிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க ஒப்புக்கொண்ட முதல் வாரமே ஒன்று தெரிந்துவிடும். நீங்கள் சமாதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனின் வருகை அட்டையைக் கசக்கிக்கொண்டிருப்பான். அவன் இவன் தொடையில் கிள்ளுவான். நாம் என்ன செய்வோம்? "ஷ்ஷ்... சமாதானமா இருங்கப்பா" என்போம். சத்தம் போடாதே என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பிள்ளைகளும் அப்படியே படித்துக்கொள்கிறார்கள்: சமாதானம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது.

ஆனால் மத்தேயு 5:9 அப்படிச் சொல்லவில்லை. "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்கிறது. பண்ணுகிறவர்கள். தோசை பண்ணுவதுபோல அது ஒரு வேலை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்குத் தெரிந்த நல்ல கதை 1 சாமுவேல் 25ஆம் அதிகாரம். அதில் சும்மா உட்கார்ந்து சமாதானம் ஆனவர் ஒருவரும் கிடையாது. ஒரு வேலைக்காரன் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்கிறான், ஒரு பெண் அவசர அவசரமாகக் கழுதையில் மூட்டை ஏற்றுகிறாள், 400 பேர் பாதி வழியில் திரும்பிப் போகிறார்கள்.

முதலில் நீங்கள் படியுங்கள்

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பாடப்புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போகிற பழக்கம் வேண்டாம். 44 வசனம்தான். புதன்கிழமை ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஒருமுறை வேதாகமத்திலேயே படியுங்கள். முந்தைய அதிகாரத்தையும் அடுத்த அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். 24இல் தன்னைக் கொல்லத் தேடும் சவுல் ராஜா குகைக்குள் கையில் சிக்கியும் தாவீது விட்டுவிடுகிறான். 26இல் மறுபடியும் விட்டுவிடுகிறான். நடுவில், இந்த 25இல், ஆட்டுக்காரப் பணக்காரன் ஒருவன் இரண்டு வார்த்தை கேவலமாகப் பேசியதற்குப் பட்டயத்தை (வாளை) எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பெரிய பகையைப் பொறுத்துக்கொண்டவனுக்குச் சின்ன அவமானம் தாங்கவில்லை. நமக்கும் அப்படித்தானே.

கதைச் சுருக்கம் இது. மாகோன் ஊர்க்காரன் நாபால். அவனுக்குக் கர்மேலில் 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் உண்டு. (இந்தக் கர்மேல் எபிரோனுக்குத் தெற்கே இருந்த ஊர். எலியா நெருப்பு இறக்கின கர்மேல் மலை வேறு. போன வாரம் எலியா பாடம் நடத்தியிருந்தால் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.) ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிற நாள் வருகிறது. அது அவர்களுக்குப் பண்டிகை, கையில் காசு புழங்கும் நேரம். அதுவரை அவனுடைய மேய்ப்பர்களுக்குக் காவலாக இருந்த தாவீது, பத்து வாலிபரை அனுப்பி ஏதாவது கொடுக்கும்படி கேட்கிறான். அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது காவல் காத்தவருக்கு ஒரு பங்கு போடுவார்களே, அதுபோல என்று சொன்னால் கிராமத்துப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நாபால் ஒன்றும் தராமல் திட்டி அனுப்புகிறான். எஜமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர் இந்நாளில் ரொம்பப் பேர் என்கிறான். தாவீதோடு 600 பேர் இருந்தார்கள். 200 பேரை மூட்டைமுடிச்சுக்குக் காவல் வைத்துவிட்டு 400 பேரோடு அவன் கிளம்புகிறான். வேலைக்காரன் ஒருவன் நாபாலின் மனைவி அபிகாயிலிடம் ஓடுகிறான். அவள் சாப்பாட்டோடு குறுக்கே வந்து நிற்கிறாள். தாவீது திரும்பிப் போகிறான்.

எந்த வயதுக்கு எங்கே நிறுத்துவது

ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 35ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். சமாதானத்தோடே வீட்டுக்குப் போ என்று தாவீது அவளை அனுப்புகிற இடம் அது. எட்டிலிருந்து பதினொன்று வரை உள்ளவர்களுக்கு 36ஐயும் சேருங்கள், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். பெரிய பிள்ளைகளுக்கு முழு அதிகாரம்.

நாபால் பத்து நாள் கழித்துச் செத்துப்போகிறான், கர்த்தர் அடித்தார் என்று வசனம் சொல்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கதை முழுக்க மறந்து இது ஒன்றுதான் மனதில் நிற்கும். "சாமி கண்ணைக் குத்திடும்" என்கிற பழைய மிரட்டலின் வேதாகமப் பதிப்பாக அது ஆகிவிடும். "நீ என்னை அடிச்சல்ல, பத்து நாள்ல பாரு" என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் சாபம் விடுவார்கள். சமாதானப் பாடம் நடத்திவிட்டு இதைக் கேட்க வேண்டுமா?

பெரிய பிள்ளைகளிடம் எதையும் மறைக்காதீர்கள். அவர்கள் வீட்டில் போய்ப் படித்துவிடுவார்கள். பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் என்னிடம் நேராகவே கேட்டான்: "அக்கா, இது மாமூல் வாங்குற மாதிரி இல்லையா? நான்தான் காவல் காத்தேன், காசு குடு, இல்லன்னா வெட்டுவேன்னா?" நல்ல கேள்வி. தாவீதின் ஆட்கள் எதையும் திருடவில்லை, இரவும் பகலும் மதிலாக இருந்தார்கள் என்று நாபாலின் வேலைக்காரனே சாட்சி சொல்கிறான். எதிர்பார்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் பட்டயத்தை எடுத்ததில் நியாயம் இல்லை. தாவீதே அதை ஒப்புக்கொள்கிறான். இரத்தம் சிந்தாமல் என்னைத் தடுத்தாய் என்று அவளை வாழ்த்துகிறான். வேதாகமத்து ஆட்கள் எல்லாரும் செய்தது எல்லாம் சரி என்று வாதாட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை.

தேவையான பொருட்கள்

உலர்ந்த திராட்சை கொஞ்சம், அத்திப்பழம் கிடைத்தால் நான்கு, இல்லாவிட்டால் பேரீச்சம்பழம் போதும். இரண்டு பழைய பை, ஒரு துண்டு, ஒரு நீளக் கயிறு. கழுதைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பட்டயத்துக்குப் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேல் வேண்டவே வேண்டாம். சார்ட்டும் மினுக்குத்தாளும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாடம் நடக்கும்.

தொடக்கம்

"இந்த வாரம் யாரெல்லாம் யாரோட காய் விட்டீங்க?" என்று கேளுங்கள். எல்லாக் கையும் தூக்கும். விரலை நீட்டி, முறைத்து, காய் விடுகிற சடங்கை அவர்களே செய்து காட்டுவார்கள். பழம் விடுவது எப்படி என்றும் கேளுங்கள். யார் முதலில் பழம் விடுவது, ஏன் யாருமே முதலில் விட விரும்புவதில்லை என்று ஐந்து நிமிடம் பேச விடுங்கள். பெயர்கள் வந்தால் மெதுவாக நிறுத்திவிடுங்கள். வகுப்பில் இருப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற நேரம் அல்ல அது.

காய் விட்டதைப் பழமாக்குகிற இந்த விளையாட்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு இருப்பது நமக்கு வசதி. அபிகாயில் கழுதைமேல் ஏற்றினது என்ன? 100 உலர்ந்த திராட்சைக் குலை, 200 அத்திப்பழ அடை. நீங்கள் பட்டியலை வாசித்து முடிப்பதற்குள் யாராவது ஒரு வாண்டு, "அக்கா, அவங்க நெஜமாவே பழம் விட்டாங்க!" என்று கத்தும். கத்தாவிட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கதை சொல்லும்போது

பழைய திருப்புதலின் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின்) நடையை அப்படியே வாசித்தால் துருத்தி என்ற இடத்தில் பிள்ளைகள் தொலைந்துபோவார்கள். உங்கள் சொந்தப் பேச்சில் சொல்லிவிட்டு இரண்டொரு வசனத்தை மட்டும் திறந்து வாசிக்க வையுங்கள். துருத்தி என்றால் தோலால் செய்த பை, அதில் திராட்சரசம் இருந்தது, அவ்வளவுதான்.

கதை நடுவே மூன்று இடங்களில் நில்லுங்கள்.

முதலாவது, தாவீது பட்டயத்தைக் கட்டுகிற இடம். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கோபம் வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். காது சூடாகிறது, கை மடங்குகிறது, மூச்சு வேகமாகிறது என்று சொல்வார்கள். தாவீதுக்கும் அப்படித்தான். கோபம் வந்ததே பாவம் என்கிற மாதிரி இங்கே பிரசங்கம் பண்ணிவிடாதீர்கள். கோபம் வந்தது, அவன் நடக்க ஆரம்பித்தான், அந்த நடையை யாராவது நிறுத்த வேண்டும். அதுதான் கதை.

இரண்டாவது, வேலைக்காரன் ஓடுகிற இடம். பெரும்பாலான பாடங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த ஆள் அவன்தான். பெயர்கூட எழுதப்படவில்லை. அந்த வீட்டில் அதிகாரம் இல்லாதவன், பிள்ளைகளைப் போல. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அபிகாயிலுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, விடிவதற்குள் அந்த வீட்டு ஆண்கள் செத்திருப்பார்கள்.

"அப்போ அவன் போட்டுக்கொடுத்தானா?" என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். பிள்ளைகள் உலகத்தில் போட்டுக்கொடுப்பவனைவிடக் கேவலமானவன் கிடையாது. அதனால்தான் ஒருவனை நான்கு பேர் சேர்ந்து கழிப்பறைப் பக்கம் வைத்து அடித்தாலும் பார்த்தவன் சொல்வதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: நான் சொல்வது ஒருத்தரை மாட்டிவிடவா, ஒருத்தரைக் காப்பாற்றவா? "மிஸ், இவன் ஹோம்வொர்க் எழுதல" என்பது முதல் வகை. "மிஸ், அவனை மாடிப்படியில தள்ளுறாங்க" என்பது இரண்டாவது.

இன்னும் ஒன்று. அந்த வேலைக்காரன் நாபாலிடம் போகவில்லை. அவனோடு யாரும் பேச முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறான். காதுகொடுத்துக் கேட்கிற பெரியவர் யார் என்று பார்த்து அவரிடம் போனான். ஒரு பெரியவரிடம் சொல்லி அவர் கேட்கவில்லையென்றால் இன்னொருவரிடம் சொல்லலாம், அவரும் கேட்கவில்லையென்றால் மூன்றாமவரிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று பெரியவர்களை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்லலாம். யார் என்று வகுப்பில் சொல்ல வைக்க வேண்டாம்.

மூன்றாவது, அபிகாயில் தாவீதின் எதிரே வருகிற இடம். இங்கே அவசரப்படாதீர்கள். அவள் செய்ததை வரிசையாகப் பாருங்கள். சாப்பாடு முதலில் போகிறது, அவள் பின்னால் வருகிறாள். தரவேண்டியதைத் தந்துவிட்டுத்தான் பேச்சு. தாவீதைக் கண்டதும் கழுதையைவிட்டு இறங்குகிறாள். நீர் அனுப்பின வாலிபரை நான் பார்க்கவில்லை என்று உள்ளதைச் சொல்கிறாள். அப்புறம் நாளைக்கு நடக்கப்போவதைப் பேசுகிறாள்: நீர் ராஜாவாகும் நாளில் வீணாக இரத்தம் சிந்தின நினைப்பு உம் மனதை இடறக்கூடாது. நடுவில் ஒரு வார்த்தை போடுகிறாள் பாருங்கள், உம்முடைய சத்துருக்களைக் கர்த்தர் கவணில் வைத்து எறிவது போல எறிந்துவிடுவார் என்று. கோலியாத்தைக் கவணால் அடித்தவனிடம் கவணைப் பற்றிப் பேசுகிறாள். நீ யார் என்று மறந்துவிட்டாயா என்று கேட்காமல் கேட்கிறாள். கோலியாத் கதை தெரிந்த பிள்ளைகளுக்கு இது புரியும்போது முகம் மலரும்.

200 அப்பம், 400 பேர் என்றால் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பாதி அப்பம். ஐந்து ஆட்டை 400 பேருக்குப் பங்கிட்டால் வாய்க்கு எட்டாது. வயிறு நிறைய அவள் கொண்டுவரவில்லை. மதித்தேன் என்று காட்டக் கொண்டுவந்தாள்.

நடித்துப் பார்ப்பது

நடிக்கும்போது நாபால் வேடத்தை நீங்களே போடுங்கள். பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். முதல் வருஷம் தெரியாமல் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன். நாபால் என்றால் புத்தியில்லாதவன் என்று அர்த்தம் சொன்னதும் நானேதான். அப்புறம் ஒரு மாதம் வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர். நான்காவது வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய், அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, அவனிடம் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன்.

கயிற்றைத் தரையில் வழியாகப் போடுங்கள். ஒரு முனையில் பட்டயக்காரர்கள், மறு முனையில் கழுதை. எல்லாரும் தாவீது ஆக விரும்புவார்கள், பட்டயம் இருக்கிறதல்லவா. மூன்று முறை நடித்தால் போதும், ஆட்கள் மாறிக்கொள்ளலாம். பெண் பிள்ளை தாவீதாகட்டும், பையன் அபிகாயிலாகட்டும். முதலில் சிரிப்பார்கள், மூன்றாம் முறை சிரிப்பு நின்றுவிடும்.

நான்காவது முறை கதையை விட்டுவிட்டு நம் ஊர்ச் சண்டையை நடிக்க வையுங்கள். கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா, குழாயடியில் குடம் வைத்த வரிசை, பேருந்தில் ஜன்னல் ஓர இடம். அபிகாயிலாக வருபவர் என்ன தருவார், என்ன சொல்வார்? "விடுறா" என்பது பதில் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

பழி என்மேல் இருக்கட்டும் என்று அபிகாயில் விழுந்து வணங்குகிறாள். இதை அப்படியே பிள்ளைகளுக்கு மாதிரியாக வைத்தால் ஆபத்து, அதுவும் பெண் பிள்ளைகளுக்கு. வீட்டில் யார் தப்புச் செய்தாலும் பெண்தான் பணிந்துபோக வேண்டும் என்று ஏற்கெனவே எல்லாப் பக்கமும் கேட்டு வளர்கிறார்கள். நாமும் ஒரு வசனத்தைச் சேர்த்துக் கட்ட வேண்டாம். அவள் மூடிமறைக்கவில்லை, கணவன் செய்தது முட்டாள்தனம் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடி வாங்குகிற பிள்ளை அடிப்பவனிடம் பழத்தோடு போகவேண்டும் என்பதும் இந்தப் பாடம் அல்ல. அந்தப் பிள்ளைக்கு உரியது வேலைக்காரனின் வேலை: ஓடிப்போய்ச் சொல்வது.

36ஆம் வசனத்தை எட்டு வயதுக்கு மேல் சேர்க்கச் சொன்னேன். அவள் வீடு திரும்பும்போது நாபால் விருந்து வைத்துக் குடித்துக்கிடக்கிறான். விடியும்வரை சின்ன விஷயமோ பெரிய விஷயமோ ஒன்றும் அவள் அவனிடம் சொல்லவில்லை. தாவீதிடம் ஒரு நிமிடம் தாமதிக்காதவள் இவனிடம் ஒரு ராத்திரி காத்திருக்கிறாள். எப்போது ஓடவேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்று பேச இது நல்ல இடம்.

ஆனால் குடி என்ற சொல் வந்ததும் ஒரு பிள்ளை தலையைக் குனியும், இல்லாவிட்டால், "எங்கப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லிவிடும். திடுக்கிடாதீர்கள், அங்கேயே தோண்டாதீர்கள், உடனே எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்போம் என்று மூடியும் விடாதீர்கள். "சொன்னதுக்கு நன்றிடா, கிளாஸ் முடிஞ்சதும் பேசலாம்" என்று சொல்லி, சொன்னபடி பேசுங்கள். பிள்ளைக்கு அடி, ஆபத்து என்று தெரிந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயரிடமோ பொறுப்பாளரிடமோ சொல்லுங்கள். இந்தியாவில் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098, அது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

மனப்பாட வசனத்துக்குச் சின்னவர்களுக்கு மத்தேயு 5:9இன் முதல் பாதி. பெரியவர்களுக்கு நீதிமொழிகள் 15:1: "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்." பிரதியுத்தரம் என்றால் பதில் என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

வகுப்பிலேயே நிஜச் சண்டை வந்தால்

வரும். அப்போது நம் கை தானாக இரண்டு பேரையும் பிடித்து இழுத்து, "கையைக் குடு, சாரி சொல்லு" என்னும். எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. வாய் சாரி சொல்லும்போதே கண் முறைத்துக்கொண்டிருக்கும். அபிகாயில் வெறும் வார்த்தையோடு வரவில்லை. கிழித்த அட்டைக்கு என்ன செய்யலாம் என்று கிழித்தவனையே கேளுங்கள். செல்லோடேப் ஒட்டித் தருவான், தன் ஸ்டிக்கரில் ஒன்றைக் கொடுப்பான். சாரி தானாக வந்தால் வரட்டும். கோபம் தணியாதவனைத் தண்ணீர் குடிக்க அனுப்புங்கள், நாபாலுக்கே ஒரு ராத்திரி கிடைத்தது.

கடைசிப் பத்து நிமிடம் திராட்சைக்கும் பேரீச்சைக்கும். எண்ணி ஆளுக்கு ஒன்றாக வாங்காதீர்கள், வேண்டுமென்றே இரண்டு மூன்று குறைவாக வாங்குங்கள். நீங்கள் பங்கு போடாமல் தட்டை நடுவில் வைத்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். ஒருவர் பங்கு போடட்டும், ஆனால் அவர் கடைசியாகத்தான் எடுக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். சத்தம் வரும். எழுந்து போகாதீர்கள். பேரீச்சம்பழத்தைப் பல்லால் கடித்துப் பாதியாக்கித் தருகிற ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார், அதற்குக் கை கழுவத் தண்ணீரும் ஒரு சின்னக் கத்தியும் முன்னாலேயே உங்கள் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.